நிழலை யார் முடிவு செய்வது? எச்டிஆர் படம் சொதப்பும்போது இருக்கும் ஐந்து வழிகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனும் கையுமாகப் படம் எடுக்கக் கிளம்பும் எங்கள் சின்னக் கூட்டத்தில், வாரம் ஒருவராவது இந்தக் கேள்வியோடு வருகிறார்: “எச்டிஆரை ஆஃப் பண்ணிடலாமா? ரா எடுக்கணுமா? ஜிகேம் போட்டா சரியாயிடும்னு சொல்றாங்களே?” வெயிலும் நிழலும் ஒரே படத்தில் தெரிய, போன் பல படங்களை எடுத்துச் சேர்ப்பதுதான் எச்டிஆர். ரா என்பது போன் மெருகேற்றாத மூலப் படம், ஜிகேம் ஒரு கேமரா ஆப். படத்தைக் காட்டச் சொன்னால், ஒருவர் படத்தில் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருக்கும். இன்னொருவர் படத்தில் கோபுரத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு ஓடும். மூன்றாமவர் படத்தில் ஓடும் குழந்தையின் கை இரண்டாகத் தெரியும். மூன்றும் எச்டிஆர் தொல்லைதான். ஆனால் மூன்றுக்கும் மருந்து ஒன்றில்லை. ஒருவருக்குச் சரியான வழி அடுத்தவர் படத்தை இன்னும் கெடுத்துவிடும். அதனால் வழிகளை ஒப்பிடுவதற்கு முன் தவறு எங்கே பிறக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

## தவறு எந்தப் படியில்?

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். நண்பகல் வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். அதே நேரத்தில் வீட்டுக் கூடத்துக்குள் 100, 200 லக்ஸ் இருந்தாலே அதிகம். வாசலை முதுகுக்குப் பின்னால் வைத்து ஒருவர் உட்கார்ந்தால், அவர் முகத்துக்கும் தெருவுக்கும் வெளிச்சத்தில் 500 முதல் 1000 மடங்கு வித்தியாசம் இருக்கும். ஒரு ஸ்டாப் என்பது இரண்டு மடங்கு. அந்தக் கணக்கில் இது ஒன்பது, பத்து ஸ்டாப். போனுக்குள் வெளிச்சத்தைப் பிடிக்கும் நகக்கண் அளவு சென்சாரால் ஒரே ஷாட்டில் இதைத் தாங்க முடிவதில்லை. ஒன்று தெரு வெள்ளைக் காகிதமாகிவிடும், இல்லையென்றால் முகம் கரியாகிவிடும்.

இந்தச் சண்டை பழையது. 1850களில் பிரான்ஸின் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் எடுத்து இரண்டையும் ஒரே தாளில் பதித்தார். 1997இல் பால் டெபெவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும், வெவ்வேறு எக்ஸ்போஷரில் (படத்துக்குள் விடும் வெளிச்சத்தின் அளவில்) எடுத்த படங்களிலிருந்து ஒரு காட்சியின் முழு வெளிச்சத்தையும் கணக்கிட்டு மீட்கும் முறையை வெளியிட்டார்கள். 2010இல் ஐபோன் 4-க்கு வந்த ஒரு அப்டேட்டில் எச்டிஆர் பொத்தான் வந்தது. கூகுள் வேறு பாதையில் போனது. வெளிச்சத்தை மாற்றி மாற்றி எடுக்காமல், பல படங்களையும் ஒரே குறைந்த எக்ஸ்போஷரில் சடசடவென எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துப் புள்ளி இரைச்சலைக் குறைத்து, பிறகு நிழல் பகுதியை மட்டும் தூக்கிவிடுகிற முறை அது. 2016இல் அதை ஆய்வுக் கட்டுரையாகவே விளக்கினார்கள்.

பாதை எதுவானாலும் போனுக்குள் இரண்டு வேலை நடக்கிறது. முதலில் சேர்த்தல்: பல ஃபிரேம்களை ஒன்றாக்குவது. அடுத்தது அமுக்கல்: பத்து ஸ்டாப் வெளிச்சத்தைச் சாதாரணப் படத்துக்குள் அடங்கும்படி, வெளிச்சத்தை இறக்கி நிழலை ஏற்றுவது.

கை இரண்டாகத் தெரிவது, காற்றில் ஆடும் இலை கலங்கிப்போவது, எல்இடி விளக்கடியில் பட்டை பட்டையாக விழுவது, முகம் சுத்தமாக இருக்கும்போது தோள்பட்டையில் மட்டும் புள்ளி இரைச்சல் தெரிவது: இவை சேர்த்தலில் வரும் தவறு. முகம் வெளுப்பது, படம் முழுக்கத் தட்டையாகிப்போவது, கோபுர விளிம்பில் வெள்ளைக் கோடு ஓடுவது: இவை அமுக்கலில் வரும் தவறு.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. அதில் படத்தின்மேல் குற்றமே இல்லை. எடுத்த போனில் வானமும் விளக்கும் கண்ணைப் பறிக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செத்த படமாகப் போய்ச் சேரும். இதற்குக் காரணம் திரை. 2023இல் ஆண்ட்ராய்டு 14-உடன் வந்த அல்ட்ரா எச்டிஆர் படத்தில், சாதாரண ஜேபெக்கோடு ‘எந்த இடத்தை எவ்வளவு கூடுதலாக ஒளிரவைப்பது’ என்ற ஒரு வரைபடமும் சேர்ந்தே இருக்கிறது. ஐபோன் படங்களிலும் இப்படி ஒன்று உண்டு. நடுவில் ஏதாவது ஒரு ஆப் அந்த வரைபடத்தை உதறிவிட்டால் ஒளிர்வு போய்விடும், சாதாரணப் படம் மட்டும் மிஞ்சும். ஐபோனில் போட்டோஸ் அமைப்புக்குள் முழு எச்டிஆரில் காட்டும் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் படத்தைப் பழைய போனிலோ கம்ப்யூட்டரிலோ திறந்து பாருங்கள். அங்கே தெரிவதுதான் மற்றவர்கள் பார்க்கப்போகும் படம். அது உங்களுக்குப் பிடித்திருந்தால் கீழே உள்ள ஐந்து வழிகளும் தேவையில்லை.

இன்னும் இரண்டு நிமிட வேலை பாக்கி. லென்ஸை மெல்லிய துணியால் துடையுங்கள். விரல் எண்ணெய் படிந்த லென்ஸில் வெளிச்சம் சிதறி நிழல் பகுதியில் மெல்லிய மூட்டமாக விழும். எச்டிஆர் அந்த மூட்டத்தையும் சேர்த்தே தூக்கிவிடும். அடுத்து, ப்யூட்டி மோடு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பல போன்களில், முக்கியமாக செல்ஃபி கேமராவில், சொல்லாமலே அது ஓடிக்கொண்டிருக்கும். அது செய்த வெளுப்புக்கு எச்டிஆர் பழி சுமக்கும்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

நான் ஐந்து விஷயம் பார்க்கிறேன். எடுக்கும் பொருள் அசைகிறதா? வெளிச்ச வித்தியாசம் எவ்வளவு கடுமை? படத்தில் மனிதத் தோல் இருக்கிறதா? எந்த விளக்கடியில் எடுக்கிறோம்? எடுத்த பிறகு அந்தப் படத்துக்கு எவ்வளவு நேரமும் இடமும் ஒதுக்க முடியும்? கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆயிரம் ரா ஃபைல் எடுத்து ஒன்றைக்கூடத் திறக்காதவர்கள் எங்கள் கூட்டத்திலேயே இருக்கிறார்கள்.

| வழி | அசைவு | கடும் வெளிச்ச வித்தியாசம் | தோல் நிறம் | எல்இடி பட்டை | நேரமும் இடமும் |
|---|---|---|---|---|---|
| 1. உள்ள எச்டிஆரையே விரலால் அடக்குவது | சுமார் | நன்று | நன்று, கவனித்தால் | மாறாது | ஒன்றுமில்லை |
| 2. அணைத்துவிட்டு ஒரே ஷாட் | மிக நன்று | மோசம் | இயல்பு | ஷட்டரைப் பிடித்தால் தீரும் | ஒன்றுமில்லை |
| 3. ரா எடுத்துப் பிறகு திருத்துவது | ரா வகையைப் பொறுத்தது | நன்று | மிக நன்று | ஷட்டரைப் பிடித்தால் தீரும் | நிறைய |
| 4. வேறு கேமரா ஆப் | ஆப்பைப் பொறுத்தது | ஆப்பைப் பொறுத்தது | ஆப்பைப் பொறுத்தது | பெரும்பாலும் மாறாது | ஆரம்பத்தில் நிறைய |
| 5. ஸ்டாண்டில் வைத்து மூன்று படம் | ஆகவே ஆகாது | மிக நன்று | மனிதருக்கு அல்ல | தீர்க்கலாம் | மிக நிறைய |

## 1. போனின் எச்டிஆரையே வைத்துக்கொண்டு விரலால் அடக்குவது

அமுக்கலில் வரும் தவறுக்கு இதுதான் முதல் மருந்து. பெரும்பாலானவர்களுக்கு இதோடு வேலை முடிந்துவிடும்.

போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோது பெரியம்மா முற்றத்தின் ஓரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். காலை பத்து மணி வெயில் முற்றத்தில் நேராக இறங்கியிருந்தது. அவர் உட்கார்ந்திருந்த இடம் நிழல். கறுத்த முகம், நெற்றியில் மூன்று விரல் விபூதி, மூக்குத்தியில் வெயில் பட்டுத் தெறித்த ஒரே ஒரு புள்ளி. எடுத்தேன். போனைக் கையில் வாங்கிப் பார்த்தவர், “இது நானாடா? வெள்ளையடிச்ச மாதிரில்ல இருக்கு” என்றார். சரியாகத்தான் சொன்னார். நிழலில் இருந்த முகத்தை போன் தூக்கிய தூக்கில் விபூதிக்கும் தோலுக்கும் இருந்த இடைவெளி குறைந்துபோயிருந்தது. கன்னத்துக் குழி மறைந்து, தோல் சாம்பல் பூத்திருந்தது. மூக்குத்தி ஒளி மங்கிச் சாதாரணக் கல்லாகிவிட்டது.

அடுத்த படத்துக்கு ஒரே ஒரு காரியம்தான் செய்தேன். அவர் கன்னத்தில் விரலை வைத்து, பக்கத்தில் வந்த சூரியக் குறியைக் கீழே இழுத்தேன். அந்தச் சிறு இறக்கத்தில் கறுப்பு கறுப்பாக வந்தது. விபூதி வெள்ளையாகத் தனித்து நின்றது. மூக்குத்தி தெறித்தது. பின்னால் முற்றத்து வெயிலும் பொசுங்காமல் இருந்தது. எச்டிஆர் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. நிழலை எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் அதனிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

கறுத்த தோலை கேமரா சரியாகக் காட்டாதது இன்றைய போனில் தொடங்கியதில்லை. ஃபிலிம் காலத்தில் லேப்களில் நிறம் சரிபார்க்க கோடாக் அனுப்பிய ‘ஷர்லி’ அட்டைகளில் வெகுகாலம் வெள்ளைக்காரப் பெண்களின் முகமே இருந்தது. 2021இல் பிக்சல் 6-உடன் ‘ரியல் டோன்’ என்ற பெயரில் கறுத்த தோலுக்கென்று தனியாக வேலை செய்திருப்பதாக கூகுள் அறிவித்தது. முன்னேற்றம்தான். ஆனாலும் நம் வீட்டு முகம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரிந்த அளவு எந்தப் போனுக்கும் தெரியாது. கறுத்த முகம் வெளுப்பதை ‘படம் நன்றாக வந்திருக்கிறது’ என்று நாமே ஏற்றுக்கொள்ளும் பழக்கம்தான் எனக்கு மனம் பொறுக்காத விஷயம்.

பிக்சலில் ஒரு கூடுதல் வசதி இருக்கிறது. 2019இல் வந்த பிக்சல் 4 முதல், மொத்த வெளிச்சத்துக்கு ஒரு ஸ்லைடரும் நிழலுக்கு மட்டும் ஒரு ஸ்லைடரும் தனித்தனியாகக் கொடுத்தார்கள். வெயிலில் நிற்கும் கோபுரத்துக்கு முன்னால் மனிதரை நிறுத்தி எடுப்பவருக்கு இதைவிட உதவியான ஸ்லைடர் வேறில்லை. ஐபோனில் திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டுச் சூரியக் குறியை இறக்கலாம். சாம்சங்கின் உயர்ரக போன்களில் படத்தை எவ்வளவு மெருகேற்றுவது என்பதைக் கேமரா அமைப்புக்குள் அதிகம், நடுத்தரம், குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். குறைவில் வைத்துப் பாருங்கள்.

மறைந்திருக்கும் விலை என்ன? ஒவ்வொரு படத்துக்கும் விரல் வைக்கும் அந்த இரண்டு நொடி. ஓடும் குழந்தையிடம் அந்த இரண்டு நொடி கிடைக்காது. கோபுர விளிம்பில் ஓடும் வெள்ளைக் கோடு குறையுமே தவிர முழுதாகப் போகாது. சேர்த்தலில் வந்த தவறை இந்த வழி தொடுவதே இல்லை.

## 2. எச்டிஆரை அணைத்துவிட்டு ஒரே ஷாட்

சேர்த்தல் தவறுகளுக்கு இதுதான் நேர் மருந்து. சேர்க்க ஒரே ஒரு ஃபிரேம்தான் இருந்தால் கை எப்படி இரண்டாகும்?

தங்கை கல்யாணத்தில் மாங்கல்ய தாரணம் ஆகும் நேரம். கெட்டிமேளம் ஒலிக்க, மண்டபம் முழுக்க அட்சதை பறந்தது. போன் தன் போக்கில் பல ஃபிரேம் எடுத்துச் சேர்த்ததில், சில அரிசி இரண்டாகி, சில பாதி அழிந்து, மணமக்கள் தலைக்கு மேலே காற்றில் அழுக்கு படிந்த மாதிரி ஒரு படம் கிடைத்தது. போன் முதலில் ஒரு ஃபிரேமை ஆதாரமாக எடுத்துக்கொள்ளும். மற்றவற்றை அதோடு பொருத்திப் பார்க்கும். பொருந்தாத இடத்தைத் தள்ளிவிடும். ஒரு முகம், ஒரு கை அசைந்தால் இந்தக் கணக்கு ஓரளவு தாங்கும். நூற்றுக்கணக்கில் அரிசி நூறு திசையில் பறந்தால் என்ன செய்யும்?

பல ஆண்ட்ராய்டு போன்களில் கேமராவின் மேல்பட்டையிலோ அமைப்புக்குள்ளோ எச்டிஆர் ஸ்விட்ச் இருக்கிறது. ஐபோனில் எக்ஸ்எஸ் முதல் 12 வரை அமைப்பில் ஸ்மார்ட் எச்டிஆரை அணைக்கலாம். 13 முதல் அந்த ஸ்விட்சை எடுத்துவிட்டார்கள். வாங்கிய பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது. ஸ்விட்ச் இல்லாத ஆண்ட்ராய்டு போனில் ப்ரோ மோடு இருந்தால் அதில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அது சேர்த்தல் வேலையைக் குறைத்துக்கொள்ளும்.

இனி விளக்கு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்கு நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. எச்டிஆர் நொடியில் ஐநூறில் ஒரு பங்கு என்று குட்டிக் குட்டி ஷட்டரில் (வெளிச்சத்தை உள்ளே விடும் நேரத்தில்) எடுக்கும்போது, அந்த ஏற்ற இறக்கத்தின் வெவ்வேறு இடம் பதிந்து பட்டையாகத் தெரிகிறது. ப்ரோ மோடில் ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் நிறுத்தினால் பட்டை மறையும். ஆனால் பறக்கும் அரிசியை உறைய வைக்க 1/500 வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. கல்யாண மண்டபத்தில் நான் 1/100-ஐத்தான் தேர்ந்தெடுப்பேன். அட்சதை சின்னச் சின்னக் கோடாக, மழை மாதிரி விழும். அந்த நிமிடத்தின் அமளி அதில் இருக்கும். மேடைக்குப் பின்னால் உள்ள எல்இடி திரை வேறு வேகத்தில் துடிக்கும் சாமான். அதற்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அந்தத் திரை ஃபிரேமில் விழாத கோணத்தைத் தேடுவதுதான் வழி.

விலை? வெளிச்ச வித்தியாசம் கடுமையானால் ஒரு பக்கத்தை இழக்கவேண்டும். நிழலை இழப்பதே மேல். கறுத்துப்போனதை ஓரளவு மீட்கலாம், வெள்ளையாகப் பொசுங்கிய இடத்தில் மீட்க எதுவுமே இல்லை. அதனால் வெளிச்சப் பகுதியில் விரலை வைத்து எக்ஸ்போஷரை எடுங்கள். முகத்துக்கு வெளிச்சம் வேண்டுமா? ஆளைத் திருப்பி உட்காரச் சொல்லுங்கள். அல்லது வெயில் படும் இடத்தில் ஒருவரைத் தெர்மாகோல் அட்டையோடு நிற்கவையுங்கள். அட்டை இல்லையென்றால் மடித்த வெள்ளை வேட்டி போதும். மனிதர் படத்துக்கு இது பல நேரம் எச்டிஆரையே தோற்கடிக்கும், ஏனென்றால் நிழலைக் கணக்குப் போட்டுத் தூக்காமல் நிஜமான வெளிச்சத்தால் நிரப்புகிறோம்.

## 3. ரா எடுத்துப் பிறகு திருத்துவது

ரா என்றால் சென்சார் பார்த்ததை அமுக்காமல் அப்படியே வைத்துக்கொள்வது. அமுக்கல் முழுக்க உங்கள் கைக்கு வருகிறது. வெளுத்த முகம், வெள்ளை விளிம்பு, தட்டைத் தன்மை என்று எல்லாவற்றுக்கும் வேரில் வைத்தியம் செய்யலாம்.

ஆனால் ‘ரா’ என்ற ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஏமாந்தவர்கள் நிறைய. முதல் வகை ஒற்றை ஃபிரேம் ரா. பல ஆண்ட்ராய்டு போன்களின் ப்ரோ மோடில் கிடைப்பது இதுதான். ஐபோனில் வேறு ஆப் வழியாகவும் எடுக்கலாம். இதில் இரட்டைக் கை வராது. ஆனால் நிழலைத் தூக்கினால் புள்ளிகள் கொட்டும், ஏனென்றால் அந்தக் குட்டி சென்சார் ஒரு ஃபிரேமில் பிடித்த வெளிச்சம் அவ்வளவுதான். இரண்டாவது வகை, போன் பல ஃபிரேமைச் சேர்த்துவிட்டுக் கொடுக்கும் ரா. 2020 டிசம்பரில் ஐபோன் 12 ப்ரோவுக்கு வந்த ப்ரோரா, பிக்சல் தரும் டிஎன்ஜி என்ற ரா ஃபைல், சாம்சங்கின் எக்ஸ்பர்ட் ரா ஆப் தருவது எல்லாம் இந்த வகை. நிழல் சுத்தமாக இருக்கும், மீட்க நிறைய இருக்கும். ஆனால் சேர்த்தல் முன்பே முடிந்துவிட்டது. கை இரண்டாகியிருந்தால் ராவிலும் இரண்டுதான். ஆடும் பொருளுக்கு முதல் வகை, அசையாத கடும் வெளிச்சத்துக்கு இரண்டாம் வகை.

தஞ்சைப் பெரிய கோயிலில் திருச்சுற்று மாளிகைத் தூண்களின் நிழலில் நின்றுகொண்டு, வெயிலில் நிற்கும் விமானத்தைப் பாருங்கள். போன் தன் விருப்பத்துக்கு எடுத்தால் தூணும் விமானமும் ஒரே வெளிச்சத்தில் வந்துவிடும். நிழலில் நின்று பார்த்தோம் என்ற உணர்வே படத்தில் இருக்காது. விமானத்தின் விளிம்பில், நீல வானத்தை ஒட்டி, வெளிர்க் கோடு ஒன்று ஓடும். அதே காட்சியை ராவில் எடுத்து லைட்ரூம் என்ற திருத்தும் ஆப்பில் திறந்தால், ஹைலைட்ஸை (வெளிச்சப் பகுதியை) நன்றாக இறக்கி, ஷேடோஸை (நிழல் பகுதியை)க் கொஞ்சமே கொஞ்சம் ஏற்றி நிறுத்தலாம். தூணின் செதுக்கல் இருட்டுக்குள் இருப்பது தெரியும், ஆனால் இருட்டு இருட்டாகவே இருக்கும். கல்லின் மஞ்சள் கல்லின் மஞ்சளாக வரும். கிளாரிட்டி ஸ்லைடரில் மட்டும் கையை அடக்கிக்கொள்ளுங்கள். போன் போட்ட வெள்ளைக் கோட்டை அது நம் கையாலேயே மறுபடி போட்டுவிடும்.

செலவைக் கணக்கிடுவோம். ப்ரோரா 12 மெகாபிக்சலில் ஒரு படம் சுமார் 25 எம்பி, 48 மெகாபிக்சலில் சுமார் 75 எம்பி. 48 மெகாபிக்சலில் நூறு படம் எடுத்தால் ஏழரை ஜிபி. கிளவுடில் இடம் வாங்கவேண்டி வரும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்ப வழியில்லை. ஜேபெக் ஆக்கித்தான் அனுப்பவேண்டும். கையில் உள்ள ஜேபெக் படத்தைச் சிதையாமல் அனுப்ப டாகுமெண்ட்டாக அனுப்புங்கள். திருத்த ஆரம்பத்தில் ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். ஸ்னாப்சீட் இலவசம், டிஎன்ஜியும் திறக்கும். லைட்ரூமின் மொபைல் ஆப்பில் சில வசதிகளுக்குச் சந்தா கட்டவேண்டும். ஒரு நாளில் இரண்டு மூன்று படத்துக்கு மேல் ரா தேவைப்படாது என்பது என் அனுபவம். ராவைத் திறந்தே வைத்துக்கொண்டு கல்யாணம் முழுக்கச் சுடுவது வீண்.

## 4. வேறு கேமரா ஆப்

ஜிகேம் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். பிக்சலுக்கென்று எழுதிய கேமரா ஆப்பை வெளியாட்கள் மாற்றி மற்ற போன்களில் ஓடவைப்பதுதான் அது. உங்கள் மாடலுக்கு ஒத்துவந்தால் நிஜமாகவே வித்தியாசம் தெரியும், முக்கியமாக விலை குறைந்த போன்களில். ஆனால் அது பிளே ஸ்டோரில் இல்லை. யாரோ மாற்றி எழுதிய ஃபைலுக்குக் கேமரா, மைக், போட்டோ எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுக்கிறோம். அந்த ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க நம்மில் பெரும்பாலோருக்கு வழியில்லை. வங்கி ஆப் இருக்கும் போனில் நான் போடமாட்டேன். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போன் இருந்தால் அதில் தாராளமாகப் போட்டு விளையாடலாம்.

ஆண்ட்ராய்டில் ஓபன் கேமரா இலவசம், அதன் மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. ஐபோன் 13 அல்லது அதற்குப் பிந்தைய போன் வைத்திருந்து எச்டிஆர் மெருகே வேண்டாம் என்பவர்களுக்கு, ஹாலைட் ஆப்பில் 2024இல் வந்த ‘ப்ராசஸ் ஜீரோ’ பொருந்தும். பழைய ஃபிலிம் மாதிரி நிழல் நிழலாகவே விழும். புள்ளியும் விழும், அது அந்த வழியோடு கூடவே வருவது. வெளி ஆப்களில் போனின் எல்லா லென்ஸும் திறக்காமல் போவதும் உண்டு. சந்தா கட்டுவதற்கு முன்னால் அகலக் கோண லென்ஸ் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

புது ஆப் போடுவதால் ஒருவர் ரசனைக்குப் பதில் இன்னொருவர் ரசனை வரும். சிக்கல் அமுக்கலில்தான் என்று உறுதியான பிறகே இந்த வழிக்கு வாருங்கள்.

## 5. ஸ்டாண்டில் வைத்து மூன்று படம் எடுத்துச் சேர்ப்பது

எதுவுமே அசையாத காட்சி. ஜன்னலோடு சேர்த்து எடுக்கும் அறை, வாடகைக்கு விட எடுக்கும் வீடு, விடியலில் வயல். இதற்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. போனை ட்ரைபாடில் பூட்டி, ஃபோகஸையும் வெள்ளைச் சமநிலையையும் நிறுத்தி, ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கான உணர்திறனை)க் கீழே கட்டிவிட்டு ஷட்டரை மட்டும் மாற்றுங்கள்: இரண்டு ஸ்டாப் குறைவாக ஒன்று, நடுவில் ஒன்று, இரண்டு ஸ்டாப் அதிகமாக ஒன்று. ஷட்டரைத் தொடும்போது போன் ஆடும்; இரண்டு நொடி டைமர் வையுங்கள். ஓபன் கேமராவில் கேமரா2 ஏபிஐ வசதியை அமைப்பில் தேர்ந்தெடுத்தால், பல போன்களில் இந்த மூன்றையும் அதுவே தொடர்ச்சியாக எடுத்துத் தரும். கம்ப்யூட்டரில் லைட்ரூமிலோ, இலவசமாகக் கிடைக்கும் லுமினன்ஸ் எச்டிஆரிலோ சேர்க்கலாம்.

மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், ஜன்னல் திரைச்சீலையைக் கட்டிவிடுங்கள். தொல்லியல் துறை பராமரிக்கும் இடங்களுக்கு ட்ரைபாட் கொண்டுபோக முன் அனுமதி வாங்கவேண்டும். வாசலில் போய் நின்று கேட்டால் நடக்காது. பெரிய கோயிலில் தூண் மேடையில் போனைச் சாய்த்து வைத்துக்கூட எடுத்துப் பார்த்திருக்கிறேன். சாயங்காலக் கூட்டம் ஃபிரேமுக்குள் ஓயாமல் நடந்துகொண்டிருந்தது. மூன்று படத்திலும் வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு ஆட்கள். மனிதர் நடமாடும் இடத்துக்கு இந்த வழி வேண்டாம்.

## உங்கள் வாசலில் ஒரு சோதனை

இதெல்லாம் படித்தும் எதை எடுப்பது என்று பிடிபடவில்லை என்றால், காலை பத்து மணிக்கு வீட்டில் ஒருவரை வாசலுக்குள்ளே, வெயில் முதுகில் படும்படி நிற்கச் சொல்லுங்கள். ஒரு கையை மெதுவாக ஆட்டிக்கொண்டிருக்கட்டும். முதல் படத்தைப் போன் விருப்பத்துக்கே விடுங்கள். இரண்டாவது, கன்னத்தில் விரல் வைத்து வெளிச்சத்தை இறக்கி. மூன்றாவது, எச்டிஆரை அணைத்து. நான்காவது, உங்கள் போனில் ரா இருந்தால் ராவில்.

நான்கையும் வேறொரு போனுக்கு மாற்றி அங்கே பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் ஆடிய கை, அடுத்தது கதவு நிலையின் விளிம்பு, கடைசியாக மூக்குக்குக் கீழே விழுந்த நிழல். முதல் படத்தில் கை கலங்கியிருந்தால், மூன்றாவது படத்தைப் போல எச்டிஆரை அணைத்து எடுப்பது உங்களுக்கு அடிக்கடி தேவைப்படும். நிலை விளிம்பில் வெள்ளைக் கோடு இருந்தால் ரா. மூக்குக்கடியில் நிழலே காணவில்லை என்றால், நின்றவரையே கூப்பிட்டு நான்கையும் காட்டி, இதில் எது நீங்கள் என்று கேளுங்கள். என் பெரியம்மா யோசிக்காமல் இரண்டாவதைத் தொட்டார்.